மூன்று நாள் ஏரி

காக்களூர் ஏரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி சிரித்துவிட்டாள். "அங்க என்ன இருக்கு, கம்பெனிங்கதானே?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. திருவள்ளூருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் காக்களூர் என்றால் தொழிற்பேட்டை மட்டும்தான். இயற்கை என்றால் டிக்கெட் எடுத்துப் போக வேண்டும், அங்கே மலை இருக்க வேண்டும், குளிர வேண்டும், திரும்பும்போது தைலப் புட்டி வாங்கி வர வேண்டும். எனக்கு அந்த மாதிரி இயற்கை கிடைக்கவில்லை. ஒரு பக்கம் தகரக் கூரைக் கம்பெனிகளும் மறுபக்கம் பனைமரங்களுமாக ஒரு ஏரிதான் கிடைத்தது. அதற்கே நான் ஊரை ஏமாற்ற வேண்டியிருந்தது.

ஏமாற்றினேன். அதற்காக இன்றைக்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

எங்கள் வீடு பெருமாள் கோவிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அப்பா கோவில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர். தளிகை என்றால் சமையல்தான், பெருமாளுக்குச் செய்வதால் பெயர் மாறிவிடுகிறது. பெருமாளுக்குச் சமைக்கிறவர் வீட்டில் மடி பார்க்காமல் இருக்க முடியாது. அப்பாவின் வேட்டி தனியாகத் துவைத்து, கைக்கு எட்டாத உயரத்தில் கொடியில் உலரும். விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டாரென்றால் கோவிலுக்குப் போகும் வரை அவர்மேல் காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் பட வேண்டும். குளிக்காமல் ஊறுகாய் ஜாடியைத் தொடாதே. பள்ளிக்கூட உடுப்போடு கட்டிலைத் தொடாதே. வெளியே போய்விட்டு வந்தால் கால் அலம்பாமல் எதையுமே தொடாதே. எனக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் வீட்டில் என் காதில் அதிகம் விழுந்தது ‘தொடாதே’தான்.

வீடும் பெரியதில்லை. ஒரு கூடம், ஒரு சமையலறை, பெருமாள் இருக்கும் மூலை. சாத்திக்கொள்ளக் கதவு உள்ள இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் கொஞ்சம் நேரமானால் "உள்ளே என்ன பண்றே?" என்று குரல் வந்துவிடும். அமாவாசை அன்று நிலைமை இன்னும் மோசம். கோவில் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். வந்தவர்கள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், நான் என்ன படிக்கிறேன் என்றும் எனக்கு எப்போது கல்யாணம் என்றும் கேட்பார்கள். பதினாறு வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும்.

உட்கார்வது என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறொரு அர்த்தம் உண்டு. கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. மாதவிலக்கின் மூன்று நாளும் அம்மாவும் நானும் அவரவர் முறைக்கு அங்கே போய் உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டைக் கொண்டுவருகிறவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய் வரலாம், பள்ளிக்கூடத்துக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது. முதல் தடவை வயிற்று வலி தாங்காமல் நான் பாயில் புரண்டு அழுதபோது, அம்மா வெந்நீரைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்று அவளும் அழுதாள். உள்ளே மட்டும் வரவில்லை. எட்டிக் கை வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க அழுதேன். அடுத்த வருடம் அழுகை போய்க் கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம் உபயோகமான பொருள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். மற்ற நாட்களில் அது முன்வாசலில் நிற்கும். நான் உட்காரும் நாட்களில் மட்டும் தீட்டுப் பட்ட சைக்கிள் முன்பக்கம் நிற்கக் கூடாது, கொல்லைக் கதவுக்கு வெளியே பின்சந்தில்தான் நிற்க வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், கொட்டகையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் இங்கே இருக்கும்வரை கொல்லைப்பக்கம் யாரும் வர மாட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் அம்மா தட்டோடு வருவாள். பின்கதவு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கதவுக்கு அந்தப்புறம் சைக்கிள் நிற்கிறது. எல்லாவற்றையும் அவர்களே எனக்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்!

மற்ற நாளில் வெளியே போனால் எங்கே, ஏன், யாரோடு என்று கேள்வி வரும். திரும்பி வந்தால் குளிக்க வேண்டும். இப்போதோ நான் ஏற்கெனவே தீட்டு. இதற்கு மேல் தீட்டாவதற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? கதவைத் திறந்தேன்.

எங்கே போவது என்று யோசிக்கவில்லை. ஆவடி ரோட்டில் மிதித்தேன். தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் ஒரு மண்பாதை இறங்கியது, நானும் இறங்கினேன். பாதை ஏரிக்கரையில் ஏறி முடிந்தது. ஏரி நிரம்பிக் கிடந்தது. பேருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்த அதே தண்ணீர்தான், ஆனால் ஜன்னலில் அது இவ்வளவு பெரிதாக இல்லை. அக்கரையில் கம்பெனிகளின் தகரக் கூரைகள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் பிளாஸ்டிக் உருகும் வாடை, இந்தப் பக்கம் திரும்பினால் சேறும் சம்பம்புல்லும் கலந்த வாடை. ஓரத்தில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தது, அதன்மேல் யாரோ வீசிய தண்ணீர் பாக்கெட்டுகள் கிடந்தன. நான் பொய்யாக அழகுபடுத்த மாட்டேன். அது அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்தும் அங்கே போய் நின்றவுடன் எனக்கு மூச்சு முழுதாக வந்தது.

மதகுப் படியில் இறங்கி முதலில் தண்ணீரில் கையை நனைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டேன். பாசி படிந்த கல்லைத் தொட்டேன். பனைமரத்தின் செதில் செதிலான உடம்பைத் தொட்டேன். என் காலை மோந்து பார்க்க வந்த செவலை நாயின் காதைத் தொட்டேன். ஒன்றும் வாடிப்போகவில்லை, நாய் வாலை ஆட்டியது. பிறகு கரையில் காலை நீட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் தூண்டிலுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாளும் போனேன். படியில் இறங்கும்போது பாசியில் கால் வழுக்கியது. யாரோ என் கையை லபக்கென்று பிடித்து மேலே இழுத்தார்கள். கம்பெனி நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். பழக்க தோஷத்தில் நான் கையை உதறினேன்.

"என்னைத் தொடாதீங்கோ. நான்..." என்று இழுத்தேன்.

"இன்னாத்துக்கு? கரண்டா அடிக்கும்?" என்றாள்.

நான் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, எனுக்கும் இன்னிக்கு அதான். காலீலேர்ந்து நின்னுக்கினே மெஷின் ஓட்டிட்டு வரேன். அது இன்னா, தீட்டுன்னு சொல்லி நின்னுடுச்சா? குந்து."

குந்தினேன். அவள் டிபன் டப்பாவின் மூடியில் மிச்சமிருந்த புளிச்சோற்றை வைத்துக் கொடுத்தாள், தின்றேன். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிறவள். முன்னால் கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் இருந்தாளாம், அங்கே உட்கார ஒரு மரநிழல்கூட இல்லை என்று விட்டுவிட்டு வந்தாளாம். ஷிப்டு முடிந்ததும் ஏன் நேராக வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போனா அங்க இன்னொரு ஷிப்டு கீது. நடுவுல கொஞ்சம் மூச்சு உட்டுக்கினு போலாம்னுதான். நீ இன்னா, ஐயரூட்டுப் பொண்ணா?"

"ஐயங்கார்."

"எல்லாம் ஒண்ணுதான், வா. அதோ பாரு உங்க சொந்தக்காரங்க" என்று தண்ணீரைக் காட்டினாள். கறுப்பாகப் பத்துப் பதினைந்து பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அப்பா போட்டுக்கொள்வதைப் போல வெள்ளையாக ஒரு பட்டை. "நாமக்கோழி. நாமத்தப் போட்டுக்கினு நாள் முச்சூடும் சேத்தத் துன்னுக்கினு கீது. அதுக்கு இன்னா மடி?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொட்டகை நாட்களில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. எதிர்க்கரையில் ஒரு கம்பெனியின் சங்கு ஊதியது. நாமக்கோழிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் மூன்று நாள் எனக்கு ஏரி. என் வகுப்புப் பெண்கள் தேதி நெருங்கினால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் ஒருத்தி மட்டும் ஆவலாகக் காத்திருந்தேன். ஏரியில் எதுவும் பெரிதாக நடக்காது. நீர்க்காகம் முங்கும், எங்கே எழும் என்று நானும் அந்த நீலக் கோட்டு அக்காவும் பந்தயம் கட்டுவோம். கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். கார்த்திகையில் பறவைகள் வர வர ஏரியின் சத்தமே மாறியது. வேதியியல் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சத்தமாகப் படிப்பேன். சில நாள் அதுகூட இல்லாமல் வெயில் தண்ணீரில் சாய்வதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் எப்போதும் யாராவது என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஏரி என்னைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று நாள் போதவில்லை. யாருக்குத்தான் போதும்? மார்கழிப் பாதியில் ஏரி கொள்ளாமல் பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று பேருந்தில் போகும்போது பார்த்தேன். என் முறை வர இன்னும் பல நாள் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்றபடி "அம்மா, நான் உக்காந்துட்டேன்" என்றேன். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சீக்கிரமா வந்துடுத்தே" என்றாள், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். யார் தொட்டுப் பார்ப்பது?

ஆனால் உடம்பு என் பொய்யைக் கேட்டு நடக்கவில்லை. நிஜமான நாள் அதே மார்கழியில், கூடாரவல்லிக்கு முந்தின நாள் வந்தது. இப்போதுதான் உட்கார்ந்து எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தால் அம்மா சந்தேகப்படுவாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். விடியற்காலையில் கோலம் போட்டேன். பெருமாள் மூலையில் விளக்கைத் துடைத்தேன். கூடாரவல்லி அன்று அப்பாவுக்கு மடப்பள்ளியில் பெரிய வேலை, அண்டா அண்டாவாகப் பாலில் வேகும் அக்காரவடிசல் செய்ய வேண்டும். வழக்கமாக அம்மாதான் அவருடைய மடி வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அன்று அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீ குளிச்சாச்சோன்னோ, நீயே எடுத்துக் குடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. பசிதான் எடுத்தது.

தை மாதமும் அதே கதை. ஏரிக்காக ஒரு தடவை உட்கார்ந்தேன், பிறகு நிஜத்துக்கு இன்னொரு தடவை. இந்தப் பெண்ணுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று அம்மா முடிவுகட்டினாள். அங்கிருந்து ஆரம்பித்தது வாழைப்பூ. உதிரப்போக்கை அது கட்டுப்படுத்தும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வாழைப்பூ உசிலி, வாழைப்பூக் கறி, வாழைப்பூ அடை. ஒவ்வொரு பூவாக நரம்பை எடுத்து, விரலெல்லாம் கறுத்துப்போய், அம்மா எனக்காக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எதிர்வீட்டு மாமிதான் ஊதிவிட்டாள். தெருவில் எந்த வீட்டுப் பெண் எப்போது உட்கார்ந்தாள் என்பதை அந்த வீட்டாரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறவள். "இப்படியே விட்டா நாளைக்குக் கல்யாணம், கொழந்தைன்னு வரச்சே கஷ்டமாயிடும். லேடி டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். அம்மா பயந்துபோனாள். மாசியில் ஒரு நாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் கேள்வி கேட்டார், ஸ்கேன் எடுத்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எல்லாம் நார்மலா இருக்கு. இந்த வயசுல சில பேருக்கு ஹார்மோன் முன்னப் பின்ன இருக்கும். கொஞ்ச மாசம் மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று சீட்டில் எழுத ஆரம்பித்தார். அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு, "கல்யாணத்துக்கு ஒண்ணும் தொந்தரவு வராதே டாக்டர்?" என்று கேட்டாள்.

மாத்திரை கிடக்கட்டும், அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண் கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பக்கம் உட்கார ஆசைப்பட்டால் அது கர்ப்பப்பைக் கோளாறு ஆகிவிடுமா?

"எழுதாதீங்க டாக்டர். எனக்கு மாசா மாசம் ஒழுங்காத்தான் வருது. வராத நாள்லயும் வந்துடுத்துன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா?"

"ஏரிக்குப் போறதுக்கு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "மாத்திரை வேணாம், கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள், தெருவுக்குக் கேட்கக் கூடாதல்லவா. "அப்படி என்னடி வெச்சிருக்கு அந்த ஏரில? ஆம்பளப் பசங்க யாராவது..."

"யாரும் இல்ல. அங்க யாரும் என்னைத் தொடாதேன்னு சொல்ல மாட்டா. அதுக்குத்தான் போறேன்."

அம்மாவின் விரல்கள் தானாக எண்ணத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்று போய் நடுவில் நின்றன. அவள் முகம் வெளுத்தது. நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"அப்போ... நிஜமா எப்போடி வந்தது? மார்கழில?"

"கூடாரவல்லிக்கு முந்தின நாள்."

அம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அப்பாவோட மடிய நீதானேடி எடுத்துக் குடுத்தே."

"ஆமா."

"அதைக் கட்டிண்டுதானே அவர் அக்காரவடிசல்..."

"ஆமா. நன்னா இருந்துதுன்னு ஊரே சொல்லித்தே. நீகூட ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டே."

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அபசாரம். அவருக்குத் தெரிஞ்சா மடப்பள்ளி கைங்கர்யத்தையே விட்டுடுவார்டி. அவருக்கு அதைவிட்டா என்ன இருக்கு?" என்றாள். அவள் சொன்னது உண்மை. என் கோபம் எதிலும் அப்பாவுக்குப் பெரிய பங்கு இல்லை, தன் வேட்டியைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷர். ஆனால் ஒன்றை நானும் பார்த்துவிட்டேன், அம்மாவும் பார்த்துவிட்டாள். அன்று கோவிலில் எதுவும் இடியவில்லை. பால் திரியவில்லை. பெருமாள் பேசாமல் அமுது செய்தார்.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள் அம்மா.

"சொல்லல. ஆனா இனிமே நான் கொட்டகைல உக்கார மாட்டேன். ஏரிக்குப் போவேன். முன்வாசல் வழியாவே போவேன்."

"என்னடி, மிரட்டறியா?"

"ஆமா."

மிரட்டல்தான். வேறு நல்ல பெயரெல்லாம் அதற்கு வேண்டாம். கெஞ்சிக் கேட்ட வருடங்களில் எனக்குக் கிடைத்தது ஒரு பாயும் ஒரு தட்டும். அம்மா கல்லிலிருந்து எழுந்து தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடைசியில், "அந்த நாள்ல அப்பாவோட மடிய மட்டும் தொடாதே" என்றாள். சரி என்றேன். அது மடிக்காக இல்லை, அப்பாவுக்காக.

அடுத்த முறை வந்தபோது நான் கூடத்திலேயே இருந்தேன். அம்மா மூன்று நாளும் என்னோடு பேசவில்லை, என் பக்கம் வரும்போது புடவையை ஒதுக்கிக்கொண்டாள். முதல் நாள் சாயங்காலமே சைக்கிளை முன்வாசலில் இறக்கினேன். எதிர்வீட்டு மாமி கதவிலேயே நின்றிருந்தாள். "எங்கேடி கிளம்பிட்டே இந்த நேரத்துல?"

"ஏரிக்கு மாமி. வரேளா?"

மாமி கதவைச் சாத்திக்கொண்டாள். வழி முழுக்க நான் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் டிபன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள். "அடிப்பாவி, ஊட்டத்தான் ஏமாத்துனேன்னு பாத்தா, சாமிக்கே டிமிக்கி குத்துக்கீறியா!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. பிடித்திருந்தது.

இரண்டு மூன்று மாதம் போனதும் அப்பாவுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருக்கிறோமா இல்லையா என்பது கொட்டகையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். நான் அங்கே போகாமலே இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "கொழந்தைக்கு உடம்பு ஏதாவது படுத்தறதா?" நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, "டாக்டர் பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டா. நீங்க சாப்பிடுங்கோ" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்த அம்மா அதில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் அப்பாவை நம்பவைத்துவிட்டாள் என்பதை யோசித்தபோது எனக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

ஆனால் அதற்குப் பிறகும் தன் முறை வந்தபோது அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குத்தான் போனாள். எனக்காக இவ்வளவு இறங்கி வந்தவள் தனக்காக ஓர் அங்குலம் நகரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோவிலில் இருந்தார். சாயங்கால டிபனுக்கு உப்புமா கிளறி, தட்டில் போட்டுக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போய் அவள் முன்னால் தட்டை நீட்டினேன்.

"கீழ வை" என்றாள்.

"கையில வாங்கிக்கோ."

"விளையாடாதே. அப்பறம் நீ குளிக்கணும்."

"குளிக்க மாட்டேன்."

உப்புமாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நானும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. என் கை வலிக்க ஆரம்பித்தது. அம்மா ஒரு முறை கிணற்றுப் பக்கம் பார்த்தாள், கூடத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தட்டு அவள் கைக்குப் போனதும் நான் விடாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தெரியாமல் பட்டது என்று அவள் பிறகு சொல்லிக்கொள்ள முடியாதபடி, நன்றாக அழுத்தித்தான் பிடித்தேன். அவள் கை சூடாக இருந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போயிருந்தது. உதறுவாள் என்று பார்த்தேன். உதறவில்லை. தலையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏரிக்குத்தானே போறே?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"ஆமா."

"விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு."

குளிக்காமல், முன்வாசல் வழியாகத்தான் கிளம்பினேன். ஏரியில் தண்ணீர் இறங்கி, கரையோரம் சேறு தெரிந்தது. நாமக்கோழிகள் கொஞ்சம்தான் மிச்சமிருந்தன. ஒவ்வொரு முறையும் போனவுடன் மதகுப் படியில் இறங்கித் தண்ணீரில் கையை நனைப்பது என் வழக்கம். அன்று படிவரை இறங்கிவிட்டு நின்றேன். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்த கையை அன்றைக்கு மட்டும் நனைக்கவில்லை.